மாலையில் மங்கும் லைட், ‘டிக்’ என்று நின்றுபோகும் பிரிட்ஜ்: வடசென்னை வீடுகளுக்கான கரண்ட் கோளாறு வழிமுறை

ஏப்ரல், மே வந்தால் கரண்ட் கோளாறு பார்க்கும் எனக்கு இருட்டிய பிறகுதான் வேலை அதிகம். தண்டையார்பேட்டையானாலும் கொடுங்கையூரானாலும் காசிமேடானாலும் கூப்பிடுபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றேதான்: “பகல் முழுக்க நல்லாதான் இருந்துச்சு. ஏழு மணிக்கு மேல ஃபேன் சுத்தவே மாட்டேங்குது.” கூடவே, “காத்தாலை ஓடலையாம், அதான் லோ வோல்டேஜ்” என்றும் சொல்வார்கள்.

இதில் பாதிதான் சரி. மாலை ஆறரைக்கு மேல் சோலார் மின்சாரம் கிடையாது. காற்றாலைகள் நன்றாக ஓடுவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில். மற்ற மாதங்களில் காற்றை நம்பமுடியாது. ஆனால் உற்பத்தி குறைந்தால் அது முதலில் தெரிவது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் வேகத்தில். 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநிலங்களும் நாட்டின் ஒரே மின்தொகுப்பில் சேர்ந்துவிட்டதால், அந்த ஏற்ற இறக்கத்தை நாடு முழுதும் சேர்ந்து தாங்குகிறது. உங்கள் வீட்டு டிவிக்கு அது தெரியவே தெரியாது. பற்றாக்குறை முற்றினால் கரண்ட் கட் வரும், அவ்வளவுதான்.

உங்கள் லைட்டை மங்கவைப்பது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும், பில்லர் பாக்ஸும் (வீடுகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக்கொடுக்கும் தெருவோரப் பெட்டி), அங்கிருந்து வரும் கேபிளும், உங்கள் வீட்டு இணைப்புகளும்தான். வெயிலும் காற்றும் இல்லாத அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுவதால் உற்பத்திக் குறைவும் லோ வோல்டேஜும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சுமையில் உங்கள் தெருவின் பங்கு முழுதும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் வருகிறது.

ஆகவே காற்றாலையை விட்டுவிட்டு, கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, பக்கத்து வீட்டிலும் உண்டா என்ற இரண்டையும் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் ஒரு வோல்ட் மீட்டர்

பிளக்கில் செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கு ரிச்சி தெருவில் கிடைக்கும். மல்டிமீட்டர் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அதை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். தெரியாதவர்களுக்கு பிளக் மீட்டரே போதும். டெஸ்டரில் லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 150 வோல்ட்டிலும் டெஸ்டர் எரியும்.

காலை 6, பிற்பகல் 2, இரவு 9, பின்னிரவு 3 என்று நான்கு வேளை அளவை ஒரு தாளில் எழுதுங்கள். இருக்கவேண்டியது 230 வோல்ட். பத்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 207 முதல் 253 வரை இருந்தால் பெரும்பாலான சாதனங்கள் சமாளித்துக்கொள்ளும். இரவு 9 மணிக்கு 180, பின்னிரவு 3 மணிக்கு 255 என்று வந்தால் சுமைக்கேற்ப ஊசலாடும் லைன் என்று அர்த்தம். நான்கு வேளையும் 200க்குக் கீழேயே இருந்தால், சுமையோடு சேர்த்து தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் உங்கள் சர்வீஸ் வயரையும் சந்தேகப்படவேண்டும்.

அறிகுறி 1: சில லைட் கண்ணைப் பறிக்கிறது, சில லைட் அழுகிறது

வரிசைப்படி இது கடைசியில் வரவேண்டியது. ஆபத்தானது என்பதால் முதலில் வைக்கிறேன்.

ஒரு அறையில் பல்பு வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்து, இன்னொரு அறையில் ஃபேன் ஊர்ந்தால், அடாப்டர் ஏதாவது கருகிய வாசம் வந்தால், யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டிருக்க நேரமில்லை. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப்போகும் வயர், விட்டுப்போயிருக்கிறது. த்ரீ பேஸ் வீட்டில் (கரண்ட் மூன்று வயர்களில் வரும் வீடு; ஒவ்வொன்றும் ஒரு பேஸ்) நியூட்ரல் போனால் ஒரு பேஸில் 120 வோல்ட்டும் இன்னொன்றில் 300க்கு மேலும் வரலாம். இரண்டு பேஸுக்கு இடையே இருப்பது 400 வோல்ட். பிரிட்ஜ், டிவி, மோடம் எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது இப்படித்தான். சிங்கிள் பேஸ் வீடு என்றாலும் நிம்மதி இல்லை. அடுக்குமாடியிலோ பில்லர் பாக்ஸிலோ பொது நியூட்ரல் விட்டுப்போனால் உங்களுக்கும் இதே கதிதான்.

முழுக்க விட்டுப்போகும் முன்பே நியூட்ரல் அடையாளம் காட்டும். த்ரீ பேஸ் வீட்டில் மீட்டரை ஒரு அறையில் செருகிவிட்டு, வேறு பேஸில் உள்ள அறையில் அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ போடுங்கள். வோல்டேஜ் சற்று இறங்குவது இயல்பு. இறங்குவதற்குப் பதிலாக ஏறினால் நியூட்ரல் லூஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றே ஆளைக் கூப்பிடவேண்டிய விஷயம் இது.

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து:

உங்கள் மெயின் போர்டில் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ தளர்ந்திருப்பது. மெயினை ஆஃப் செய்து எலக்ட்ரீஷியன் இறுக்கித் தருவார். அடுத்து, மெயின் சுவிட்சுக்குள்ளேயே நியூட்ரல் கருகியிருப்பது. சுவிட்சை மாற்றவேண்டும். அதற்கும் அடுத்து சர்வீஸ் வயரிலோ பில்லர் பாக்ஸிலோ இணைப்பு அரித்திருப்பது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் அலுமினிய இணைப்புகள் வெள்ளைப் பொடியாய்ப் பூத்துவிடும். அது ஈபி வேலை. மீட்டர், அதன் சீல், பில்லர் பாக்ஸ் எதையும் நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக்கூடாது.

த்ரீ பேஸ் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கும் புரொடெக்டர் ஒன்று மெயின் போர்டில் எம்சிபிக்கு (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் உட்காரும். ஒரு டிவி போர்டு மாற்றும் செலவைவிடக் குறைவு. எந்த ஸ்டெபிலைசருக்கும் முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அறிகுறி 2: மாலையில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, டியூப்லைட் எரிய மறுக்கிறது

எல்இடி பல்பை வைத்து லோ வோல்டேஜைக் கணிக்காதீர்கள். நல்ல டிரைவர் உள்ள எல்இடி 150 வோல்ட்டிலும் ஒரே மாதிரி எரியும். ஃபேன்தான் உண்மையைச் சொல்லும்.

*ஒரே ஒரு ஃபேன் மட்டும், பகலிலும் மெதுவாக:* கப்பாசிட்டர். பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட். மிகக் குறைந்த செலவு. மாற்றியும் சரியாகவில்லை என்றால் பேரிங் பாருங்கள், அப்புறம்தான் காயில்.

*ஒரு அறை மட்டும்:* அந்த அறையின் சுவிட்ச் போர்டிலோ ஜங்ஷனிலோ லூஸ் காண்டாக்ட். சுவிட்ச் பிளேட்டைத் தொட்டுப்பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

*முழு வீடும், பக்கத்து வீட்டில் நன்றாக இருக்கிறது:* ஹீட்டர் போட்டு மெயினுக்கு அருகில் உள்ள பிளக்கில் அளந்துபாருங்கள். நான்கைந்து வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. பத்துக்கு மேல் இறங்கினால் மெயின் சுவிட்ச், ஃபியூஸ் கேரியர், சர்வீஸ் வயர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீடு வேறு பேஸில் இருந்தாலும் இப்படித் தெரியும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*தெருவே மங்கல்:* டிரான்ஸ்ஃபார்மர் சுமை. உங்கள் வீட்டில் செலவு செய்து பயனில்லை. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பேஸ் மாற்றும் சுவிட்ச் வைத்திருக்கும் வீடுகள் வடசென்னையில் நிறைய. ஒரு பேஸ் இறங்கியதும் எல்லாரும் நல்ல பேஸுக்குத் திருப்புகிறார்கள். அரை மணியில் அதுவும் இறங்குகிறது. இரண்டு ஏசியையும் ஒரே பேஸில் தள்ளினால் உங்கள் ஃபியூஸ்தான் முதலில் போகும். மாற்றுவதானால் லைட், ஃபேனை மட்டும் மாற்றுங்கள். பிரிட்ஜோ ஏசியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பவே கூடாது.

அறிகுறி 3: பிரிட்ஜ் ‘உம்ம்’ என்று முனகி, ‘டிக்’ என்று நிற்கிறது

சில நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தால் கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. ஓவர்லோட் புரொடெக்டர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இரவெல்லாம் இப்படியே விட்டால் காயில் சூடேறிப் போய்விடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் உள்ளே இருப்பது தாங்கும். இப்போது அந்த பிளக்கிலேயே வோல்டேஜ் பாருங்கள்.

180க்குக் கீழே இருந்தால் பிரிட்ஜில் கோளாறு இல்லை. வோல்டேஜ் ஏறும்வரை போடாதீர்கள். இது தினமும் நடக்கிறதென்றால் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். மேலட்டையில் உள்ள எண்ணைவிட, எந்த வோல்டேஜில் துண்டிக்கும், மூன்று நிமிடத் தாமதம் உண்டா என்பதுதான் முக்கியம். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று விற்கும் இன்வெர்ட்டர் பிரிட்ஜுக்கும் ஒரு எல்லை உண்டு. அதன் கையேட்டில் போட்டிருக்கும் வோல்டேஜ் வரம்பை உங்கள் தாளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வோல்டேஜ் 210க்கு மேல் இருந்தும் ‘டிக்’ வந்தால்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டிருந்தால் எடுத்துவிட்டு நேரடியாகச் சுவரில் செருகுங்கள். பின்புறத் தூசியைத் தட்டி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் போட்டும் அதே கதை என்றால் ரிலே, ஓவர்லோட், கப்பாசிட்டர். சிறிய செலவுதான், ஆனால் மெக்கானிக் செய்யவேண்டியது. அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் கம்ப்ரசர். வந்து நின்றதுமே “கம்ப்ரசர் போச்சு” என்பவரிடம், ரிலேயை மாற்றிப் பார்த்தாரா, காயிலை மீட்டரில் அளந்தாரா என்று கேளுங்கள். பழைய பிரிட்ஜ் என்றால் கம்ப்ரசருக்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்குவது மேல்.

கரண்ட் வந்து வந்து போகும் இரவுகளில் ஸ்டெபிலைசர் இல்லாத பிரிட்ஜைப் பிடுங்கிவைத்து, கரண்ட் நிலைத்து ஐந்து நிமிடம் ஆனபின் போடுவதுதான் நல்லது.

அறிகுறி 4: தண்ணீர் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

உடனே ஆஃப். முனகவிட்டால் ஓரிரு நிமிடத்தில் காயில் கருகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுப்பாருங்கள். அப்போது ஓடினால் மாலை வோல்டேஜ்தான் காரணம், இனி அந்த நேரத்திலேயே தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையிலும் முனகினால் கப்பாசிட்டர், அப்புறம் துருவேறிய ஷாஃப்ட், கடைசியில் ரீவைண்டிங்.

அறிகுறி 5: ஏசியில் உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை, அல்லது அடிக்கடி டிரிப்

வெளியே உள்ள யூனிட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாமல் உள்ளே மட்டும் காற்று வந்தால் வோல்டேஜை அளக்கவும். இன்வெர்ட்டர் ஏசிகள் வோல்டேஜ் குறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஒரு எரர் குறி காட்டும். அந்தக் குறியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக்குக் காட்டினால் பாதி வேலை முடியும்.

ஸ்டெபிலைசர் ‘டக் டக்’ என்று ஓயாமல் அடித்தால் லைனில் எங்கோ லூஸ். ஸ்டெபிலைசரை மாற்றுவதற்கு முன் பவர் பிளக்கைப் பாருங்கள். பிளக்கின் பின் பழுப்பேறியோ சாக்கெட் உருகியோ இருந்தால் அதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். ஒன்றரை டன் ஏசிக்கு 4 கேவிஏ ஸ்டெபிலைசரும், 4 சதுர மில்லிமீட்டர் தனி வயரும் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை ஒட்டுவீடுகளில் லைட் பாயிண்டிலிருந்து இழுத்து ஏசி மாட்டியிருப்பார்கள். அது தீப்பிடிக்கிற வேலை.

வோல்டேஜ் சரி, வெளி யூனிட் ஓடுகிறது, குளிர் மட்டும் இல்லை என்றால் ஃபில்டர், அப்புறம் வெளி காயில். எண்ணூர், மணலி பக்கம் தூசியும் கடற்கரை ஓரம் உப்பும் காயிலை அடைத்துவிடும், அரித்தும் விடும். காயில் அரித்து கேஸ் கசிந்தால் மெக்கானிக்தான். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்.

அறிகுறி 6: கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறது; கட் ஆனால் அரை மணிகூட நிற்பதில்லை

மாலைப் புகார்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். “பேட்டரி செத்துடுச்சு” என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். புதியதும் அடுத்த கோடையில் அதையே செய்கிறது.

இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது இகோ என்று போட்டிருக்கும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனதுமே ஈபி கரண்ட்டைத் துண்டித்துவிட்டு பேட்டரிக்குப் போய்விடும். நார்மல் பக்கம் வைத்தால் இன்னும் வெகுவாக இறங்கும்வரை ஈபியிலேயே ஓடும். மாலை ஏழு முதல் பத்து வரை லோ வோல்டேஜ் உள்ள வீட்டில் யுபிஎஸ் பக்கம் வைத்திருந்தால், உண்மையான கட் வருவதற்குள் பேட்டரி பாதிக்குமேல் காலி.

ஆகவே முதல் வேலை அந்தச் சுவிட்சை நார்மலுக்கு மாற்றுவது. கம்ப்யூட்டர் நடுவில் அணையலாம். அதற்குத் தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியும் நிற்கவில்லை என்றால் பேட்டரி டெர்மினலில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, வெந்நீரால் துடைத்துக் காயவிட்டு, நட்டை இறுக்கி, வாசலின் தடவுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர் அளவு. குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றவே கூடாது. அப்புறம் இன்வெர்ட்டரில் கூடுதலாகச் சேர்த்த சுமை என்னென்ன என்று எண்ணுங்கள். இவ்வளவும் பார்த்தபின், இரவு முழுக்கச் சார்ஜ் ஏறியும் இரண்டு ஃபேனுக்கு ஒரு மணி நேரம் தாங்கவில்லை என்றால் பேட்டரியைக் கடையில் சோதித்துப் பார்த்து மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ முட்டை அழுகிய வாசம் வந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம். இன்வெர்ட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: டிவி, மோடம், செட்டாப் பாக்ஸ் தானே ஆஃப் ஆகி ஆன் ஆகிறது

மோடமும் செட்டாப் பாக்ஸும் என்றால் பத்தில் எட்டு அடாப்டர்தான். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள இன்னொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள்.

டிவியில் சிவப்பு லைட் மட்டும் எரிந்து படம் வரவில்லை என்றால், பிளக்கைப் பத்து நிமிடம் பிடுங்கிவைத்து வேறு பாயிண்டில் போடுங்கள். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் போயிருக்கிறது, பேனல் இல்லை. இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம். டிவியின் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தேங்கி நிற்கும்.

பின்னிரவில் 255க்கு மேல் ஏறும் வீடுகளில் அடாப்டர்கள் அடிக்கடி சாகும். தூங்கப்போகும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி 8: மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் கட் ஆனால் வீடு இருட்டு

கோளாறு இல்லை. பேட்டரி இல்லாத ஆன் கிரிட் சோலார், ஈபி லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடிக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஈபி இருக்கும்போதே நண்பகலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடினால், அப்போதைய லைன் வோல்டேஜ் அதிகமாக இருக்கலாம். இன்வெர்ட்டர் காட்டும் எண்ணைக் குறித்து, மாட்டிக்கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைமூட்டத்தில் உற்பத்தி குறைவது இயல்பு. வெயில் அடித்தும் குறைந்தால் பேனலைக் காலை நேரத்தில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

ஈபியில் எப்படிச் சொல்வது

தெருவே மங்கல், நியூட்ரல் சந்தேகம், பில்லர் பாக்ஸில் புகை அல்லது சத்தம், மழைத் தண்ணீரில் மூழ்கிய மீட்டர் போர்டு: இவை எல்லாம் ஈபி. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் வடிந்த பிறகும், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இரவும் பகலும் இயங்குகிறது. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். “லோ வோல்டேஜ்” என்று மட்டும் சொன்னால், காலையில் வந்து அளந்து 228 இருக்கிறது என்று போய்விடுவார்கள். “மாலை 7 முதல் 11 வரை 175 முதல் 185, பின்னிரவில் 250, ஒரு வாரமாக” என்று சொல்லுங்கள். உங்கள் தாளைப் படம் எடுத்து, அதே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள நான்கைந்து வீட்டுக்காரர்கள் இணைப்பு எண்களோடு கையெழுத்திட்டு, உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுங்கள். இரவு எட்டரைக்கு வந்து மூன்று பேஸிலும் ஆம்பியர் அளந்து பார்க்கும்படி கேளுங்கள். சுமை ஒரே பேஸில் குவிந்திருந்தால் பிரித்துப் போட்டாலே பல தெருக்களில் சரியாகிவிடும். அப்படிப் பிரித்தும் தாங்கவில்லை என்றால் கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு எழுதிக்கொடுங்கள். ஏப்ரலுக்குக் காத்திராமல் பொங்கல் முடிந்ததும் கொடுத்தால் கோடைக்குள் வேலை நடக்க வாய்ப்பு அதிகம்.